புளியங்கொட்டைக் கணக்கு

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பார்கள். தன் பழக்கமும் தனக்குத் தெரியாது என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். காலையில் தறிக்குழியில் இறங்கினால் பொழுது சாயும் வரை வெற்றிலையோடு புகையிலையும் வாயில் இருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா?" என்று கேட்டேன். "நாலோ அஞ்சோ இருக்கும், போடா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனம் வைத்திருந்த கணக்கு அதுதான்.

நினைவு இப்படித் தவறுவதால்தான், செய்வதை அந்தந்த நேரத்திலேயே அவரவர் பதிவு செய்யும் ஆய்வுமுறை தோன்றியது. 1970-களில் அமெரிக்க உளவியலறிஞர் சிக்செண்ட்மிஹாயி, மக்களிடம் பேஜர் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அப்போதைய செயலையும் எண்ணத்தையும் எழுதச் செய்தார். இன்று அந்தப் பணியைக் கைப்பேசி செய்கிறது.

நானும் தொடங்கினேன். நாளைக்கு ஐந்து முறை கைப்பேசி மணியடிக்கும். தண்ணீர், தேநீர், உண்டது, உண்ணாமல் விட்டது யாவும் உடனே நோட்டில் ஏற வேண்டும். கோர்வைச் சேலை நெய்யும் அப்பாவுக்கு எழுத ஏது நேரம்? ஆகவே தறியருகே ஒரு டப்பாவையும் கொஞ்சம் புளியங்கொட்டையையும் வைத்தேன். ஒவ்வொரு முறை புகையிலை போடும்போதும் ஒரு கொட்டை டப்பாவில் விழ வேண்டும்.

முதல் நாள் இரவு எண்ணினோம். 13! அப்பா ஒன்றும் பேசவில்லை. நம் ஊரில் பிறந்த பேரறிஞர் அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்ததும், அவர் பெயரால் காரைப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் கதை வேறு. நான்காம் நாளே மணியை அலட்சியம் செய்தேன். ஞாயிறு இரவு உட்கார்ந்து, மூன்று நாள் கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பினேன். தண்ணீர் தாராளமாகவே 'குடித்திருந்தேன்'!

பிறகுதான் 2002-ல் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். நாட்பட்ட வலியால் வாடுவோரிடம் கொடுத்த குறிப்பேடுகளில், ஏடு திறக்கப்படும் நேரத்தைக் காட்டும் ஒளியுணர் கருவியை மறைத்து வைத்தார்களாம். 90 விழுக்காடு குறித்த நேரத்தில் எழுதியதாக ஏடுகள் கூறின. உண்மையில் 11 விழுக்காடே! எனக்கு உடல் கூசியது.

அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். தறியை விட்டுக் கண்ணெடுக்காமல், "பாவுல இழை அறுந்தா அப்பவே பிணைக்கணும்டா. சாயந்திரம் பார்த்துக்கலாம்னு விட்டா சேலையில கோடு விழுந்துடும்" என்றார்.

பொய்க் கட்டங்களை அடித்தேன். அடுத்து வந்த நாட்களில் தவறிய கட்டங்களை வெறுமையாகவே விட்டேன்.

விடுமுறை முடிந்து நான் புறப்பட்ட நாளில் டப்பாவில் 9 கொட்டைகள் இருந்தன. ஒன்பதும் அதிகந்தான். ஆயினும் அது ஒன்பது என்று இப்போது அப்பாவுக்குத் தெரியும்.