பதின்மூன்றாம் மாதத்தில் நான்கு நாள்

எத்தியோப்பியாவில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா முப்பது நாள். மிஞ்சுகிற ஐந்து நாளை எந்த மாதத்தின் தலையிலும் கட்டாமல் தனி மாதமாகவே வைத்துவிட்டார்கள். அதன் பெயர் பகுமே. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு ஆறு நாள். பகுமே முடிந்தால் புத்தாண்டு.

நான் அந்த நாட்டை விட்டு வந்தது பகுமே நான்காம் தேதி. அவர்கள் கணக்கில் வருஷம் 2006; நம் கணக்கில் 2014 செப்டம்பர் 9. பஹிர் தார் நகரில் இரண்டு வருஷம் பொறியியல் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திவிட்டுச் சேலம் திரும்பிய வாத்தியார் நான். இன்னும் இரண்டு நாள் தங்கியிருந்தால் புத்தாண்டையும் பார்த்திருக்கலாம். அந்தத் தேதிக்கு டிக்கெட் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பது இப்போது ஞாபகமில்லை. எதை விட்டேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

பஹிர் தார், தானா ஏரியின் தென்கரையில் இருக்கிறது. மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி. நீல நைல் அதிலிருந்துதான் புறப்படுகிறது. அங்கே அதற்கு அபாய் என்று பெயர். சேலமும் பஹிர் தாரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பவை. சூரியன் எழுவதும் விழுவதும் நம் ஊர் மாதிரியே. கடல்மட்டத்துக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் மட்டும் சுடாது. சாலையோரம் வரிசையாக ஈச்ச மரங்கள், நீல நிற ஆட்டோக்கள். ஆட்டோவை அங்கே 'பஜாஜ்' என்றுதான் சொல்வார்கள். வந்திறங்கிய அன்றே அந்தச் சொல் காதில் விழ, பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயத்தைப் போக்கியவர் எமாமா. வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னைக் கூப்பிட்டது 'லிஜே', என் பிள்ளையே என்று. அவருடைய காம்பவுண்டில் எனக்கு ஓர் அறை. முதல் வாரம் எதைக் கேட்டாலும் அவர் 'ஹக்' என்று சின்னதாக மூச்சை உள்ளே இழுப்பார். நெஞ்சுவலியோ என்று பதறினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் 'ஆமாம்' சொல்வதே அப்படித்தான். தொலைபேசியிலும் அதேதான்: பேச்சுக்கு நடுவே மூச்சு ஒன்று உள்ளே போகும், அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

அவர் இஞ்செரா சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தெஃப் என்கிற, கேழ்வரகை விடவும் பொடிசான தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய தட்டைக்கல்லில் ஊற்றுவார். நாம் தோசையை நடுவிலிருந்து வெளியே தேய்ப்போம். எமாமா விளிம்பில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிப்பார். வெந்ததும் மேலெல்லாம் துளை விழும். அதை அவர்கள் கண் என்கிறார்கள். கண் நிறைய விழுந்தால் நல்ல இஞ்செரா. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் சுருட்டிக் குழம்பில் தோய்த்து நம் வாயில் ஊட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் குர்ஷா. நாற்பது வயதில் இன்னொருவர் கையால் ஊட்டிச் சாப்பிட முதல் நாள் கூசியது. பிறகு அந்தக் கை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மணிக்கணக்கையும் சொல்ல வேண்டும். அங்கே நாள் பிறப்பது நள்ளிரவில் இல்லை, விடியலில். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. எட்டு என்றால் இரண்டு. கடிகார முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டால் போதும். நம் பாட்டன்மார் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் இதே கணக்குத்தானே என்று எனக்கு அது சீக்கிரமே பிடித்துப்போனது. கைக்கடிகாரத்தை அவர்கள் நேரத்துக்கே திருப்பி வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் ஒரு வகுப்புக்கும் தாமதமாகப் போனதில்லை.

பகுமே ஒன்று, சனிக்கிழமை. அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். மெத்தை காவல்காரருக்கு, ஸ்டவ் பக்கத்து அறைப் பையனுக்கு, வாளியும் குடமும் எமாமாவுக்கு. மேசையில் கிடந்த டிக்கெட்டைப் பார்த்ததும் ஒரு கவலை வந்தது. இந்த ஊர் மணியில் குழம்பி விமானத்தை விட்டுவிட்டால்? கடிகாரத்தைக் கழற்றி ஆறு மணி நேரம் திருப்பி, டிக்கெட் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டேன். அந்த நிமிஷமே மனசு கிளம்பிவிட்டது என்பது அப்போது புரியவில்லை.

பகுமே இரண்டு. மாணவன் ஒருவன் அபாய் அருவிக்குக் கூட்டிப்போனான். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர். மின் நிலையத்துக்குத் தண்ணீரைத் திருப்புவதால் கோடையில் இளைத்துக் கிடக்கும் அருவி; மழைக்கால முடிவில் சிவந்த செம்மண் தண்ணீர் நாற்பது மீட்டருக்கு மேலிருந்து விழுந்துகொண்டிருந்தது. 'திஸ் இசாத்' என்பார்கள். நெருப்பின் புகை என்று பொருள். எங்கள் பக்கத்து ஒகேனக்கல்லுக்கும் கன்னடத்தில் புகையும் பாறை என்றுதான் அர்த்தம் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "உங்கள் ஊரிலும் ஆற்றுக்குச் சண்டை உண்டா?" என்று கேட்டான். காவிரிக் கதையைச் சொன்னேன்: மேலே அவர்கள், கீழே நாங்கள், நான் வளர்ந்தது 1934-ல் திறந்த மேட்டூர் அணையைப் பார்த்து என்று. கவனமாகக் கேட்டவன் கடைசியில் சிரித்தான். "அப்படியானால் நீங்கள் எகிப்து!"

அது வெறும் வேடிக்கை இல்லை. அபாய் ஆற்றின் குறுக்கே சூடான் எல்லைக்கருகே 2011 ஏப்ரலில் பெரிய அணை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். கீழே இருக்கும் எகிப்துக்குக் கோபம். வெளியிலிருந்து பணம் கிடைப்பது கஷ்டம் என்பதால் அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். சாதாரண ஜனங்கள் பத்திரம் வாங்கினார்கள். எமாமாவும் ஒன்று வாங்கி, மரியாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கீழ்மடைக்காரனான நான் அந்தப் பத்திரத்தைப் பார்த்து ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசியதில்லை. ஆறு யாருக்கு என்பது எந்தக் கரையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பகுமே மூன்று, ரஃபேல் தேவதூதரின் நாள். அன்று பெய்கிற மழை புனித நீர் என்பது நம்பிக்கை. மத்தியானம் மழை பிடித்ததும் காம்பவுண்டுப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்தில் கத்திக்கொண்டு குதித்தார்கள். எமாமாவும் முக்காட்டை விலக்கி, முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றார். "லிஜே, வா" என்று கூப்பிட்டார். நான் பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வருகிறேன் என்றேன். போய்ப் பார்த்தபோது மழை விட்டிருந்தது.

அன்று இரவு எமாமா சொன்னார்: "நாளை ஹுலெத் ஸாத்துக்குக் காப்பி. மறக்காதே." ஹுலெத் என்றால் இரண்டு, ஸாத் என்றால் மணி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். மூன்றே காலுக்கு பஜாஜ் வரச் சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்குக் காப்பி என்றால் கச்சிதம்.

கடைசி நாள் காலை ஏழரைக்கே சந்தைக்குப் போய்விட்டேன். புத்தாண்டுக் கூட்டம். கோழிகள், வெங்காய மூட்டைகள், கட்டுக் கட்டாகப் பச்சைப் புல். ஞாபகார்த்தமாக ஒரு ஜெபெனா வாங்க வேண்டும் என்று ஆசை. கழுத்து நீண்டு வயிறு பருத்த கறுப்பு மண்குடுவை அது. காப்பி காய்ச்சுவது அதில்தான். நாலு கடை ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, பேரம் பேசி, வைக்கோல் சுற்றி வாங்கிக்கொண்டு, சிலரிடம் சொல்லிக்கொண்டு, மத்தியானம் இரண்டுக்கு வீடு வந்தேன்.

முற்றத்தில் பரப்பியிருந்த புல் வாடிக் கிடந்தது. கரி அணைந்து சாம்பல் பூத்திருந்தது. தட்டில் சோளப்பொரி நமுத்துப்போயிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்து, குடித்து, எனக்காகக் காத்திருந்து, எழுந்து போய்விட்டார்கள். இரண்டு வருஷம் ஒருநாளும் தவறாத கணக்கு. அவர் சொன்ன இரண்டு மணி, காலை எட்டு.

எமாமா கோபிக்கவில்லை. "ச்சிகர் யெல்லெம்" என்றார்; பரவாயில்லை. கரியை ஊதி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பச்சைக் கொட்டையைக் கழுவினார். தகட்டில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி வறுத்தார். புகை எழுந்ததும் தகட்டை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினார். கையால் புகையை அள்ளி முகர வேண்டும், அதுதான் மரியாதை. உரலில் இடித்தார். ஜெபெனாவில் போட்டுப் பொங்கவிட்டார். சாம்பிராணி வாசமும் காப்பி வாசமும் கலந்து வந்தன. ஏற்காட்டு மலையில் விளைகிற அராபிகாவுக்கும் பூர்வீகம் இந்த நாடுதான். ஆனால் ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க நாம் எங்கே கற்றுக்கொண்டோம்?

அங்கே காப்பி என்றால் மூன்று கோப்பை. பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள். முதல் சுற்று அபோல். அதே பொடியில் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவது தோனா. மூன்றாவது பெரெக்கா, ஆசீர்வாதம் என்று பொருள். சுற்றுக்குச் சுற்று காப்பி நீர்த்துக்கொண்டே போகும். பேச்சு திடமாகிக்கொண்டே வரும். பெரெக்கா குடிக்காமல் எழுந்திருப்பது வழக்கமில்லை.

அபோல் குடித்தேன். தோனா குடித்தேன். ஜெபெனாவில் மூன்றாம் முறையாகத் தண்ணீர் ஊற்றிக் கரி மேல் வைத்தபோது வாசலில் பஜாஜ் ஹாரன் அடித்தது. எமாமா என் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜெபெனாவைப் பார்த்தார். "தெஹ்னா ஹுன், லிஜே" என்றார். நலமாக இரு. தோளோடு தோள் மோதி விடைகொடுத்தார். நம் வழக்கப்படி போய்விட்டு வருகிறேன் என்று அவர் மொழியில் சொன்னேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

பஜாஜ் விமான நிலையச் சாலையில் திரும்பும்போது ஓரத்துப் புல்வெளியில் மஞ்சள் பூ தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. அதெய் அபெபா. புத்தாண்டை ஒட்டித்தான் பூக்கும். பெண் பிள்ளைகள் அதைக் கொத்தாகக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போவார்கள். அந்தப் பாட்டு என் அறை வாசலுக்கு வந்தபோது நான் சேலத்தில் இருந்தேன்.

பிறகு சில வருஷம் எமாமாவின் மகள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம். 2020 நவம்பரில் வடக்கே போர் மூண்டது; பஹிர் தார் விமான நிலையத்தின் மீதும் ராக்கெட் வந்தது என்று செய்தியில் பார்த்து அழைத்தேன். நலம் என்றார்கள். 2023 ஆகஸ்டில் அம்ஹாரா மாநிலத்தில் மறுபடி சண்டை, அவசரநிலை, கைபேசி இணையம் நின்றது. அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து பதில் இல்லை.

2025 செப்டம்பர் 9 அன்று அபாய் அணையைத் திறந்துவைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் அன்று பகுமே நான்கு. நான் புறப்பட்டு அவர்கள் கணக்கில் சரியாகப் பதினொரு வருஷம். மரியாள் படத்துக்குப் பின்னால் இருந்த பத்திரம் நினைவுக்கு வந்தது. எண்ணைப் போட்டுப் பார்த்தேன்.

அன்று காலை அலைந்து வாங்கிய ஜெபெனா உடையாமல் சேலம் வந்து சேர்ந்தது. ஷோகேஸில் இருக்கிறது. இதுவரை அதில் காப்பி காய்ச்சியதில்லை.

வெளியூர் போய்த் திரும்புகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எதை வாங்கி வந்தாலும் வராவிட்டாலும் சரி, விமானம் ஏறி உட்காரும்வரை கடிகாரத்தைத் திருப்பி வைக்காதீர்கள்.