சுவத்துல ஒரு கொக்கி

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், "இந்தக் கொக்கியைக் கழட்டிடலாமா சார்?"ன்னு கேட்டார். வேணாம்னுட்டேன். அப்பாவோட டயாலிசிஸ் பை தொங்கின கொக்கி அது.

2011ல ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொன்னப்போ, வாரம் மூணு தடவை மன்னார்குடியிலேர்ந்து தஞ்சாவூருக்கு அலைய முடியாதுன்னு வயித்து வழி டயாலிசிஸை அப்பாவே தேர்ந்தெடுத்தார். தினம் நாலு தடவை, ரெண்டு லிட்டர் பை. வயித்துக்குள்ள விட்டு, சில மணி நேரம் கழிச்சு வடிக்கணும். வடிச்ச பையை வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார். தெளிவா இருந்தா, "நான் பாஸ்டா!" கலங்கியிருந்தா கிருமித் தொற்று. ரெண்டு தடவை வந்து, மருந்துல சரியாச்சு.

நாங்க பயந்தது கிருமிக்கு மட்டும்தான். பையில இருக்கிற குளுக்கோஸ்தான் உடம்போட அதிகப்படி நீரை இழுக்குது. அதே குளுக்கோஸ் வருஷக்கணக்கா பட்டுப்பட்டு வயித்துச் சவ்வைக் கெடுத்துடும். 2018 ஆரம்பத்துல நீர் சரியா வடியலை, கால் வீங்கிடுச்சு. ரத்த டயாலிசிஸுக்கு மாத்தி, வயித்துக் குழாயை எடுத்துட்டாங்க. வயித்துப் பிரச்சினை அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

முடியலை. நாலு மாசத்துல சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கேஸ்னு நெனச்சு இஞ்சிச் சாறும் ஓம வாட்டரும் குடுத்தேன். எட்டு கிலோ குறைஞ்ச பிறகுதான் ஸ்கேன். தடிச்சுப்போன சவ்வு பட்டுப்புழுக் கூடு மாதிரி குடலைச் சுத்தி இறுக்கியிருந்தது. என்கேப்சுலேட்டிங் பெரிடோனியல் ஸ்கிளிரோசிஸாம். அபூர்வம்தான். ஆனா வருஷம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். இந்த டயாலிசிஸை நிறுத்தின பிறகும், ஏன், கிட்னி மாத்தின பிறகும்கூட வரலாம்.

ஸ்டீராய்டு, டாமாக்சிஃபென், நரம்பு வழியா சத்து... எல்லாம் பார்த்தாச்சு. குடலைப் பிரிச்சு விடுற ஆபரேஷனை உடம்பு தாங்காதுன்னுட்டாங்க. 2019 பொங்கலுக்கு அப்பா இல்லை.

இந்த டயாலிசிஸே வேண்டாம்னு சொல்ல வரலைங்க. ஏழு வருஷம் வீட்டுச் சோறும், பேத்தி கல்யாணமும் அது குடுத்ததுதான். உங்க வீட்ல யாராவது பல வருஷம் செஞ்சிருந்தா, குழாயை எடுத்த பிறகும் வாந்தி, வயித்து வலி, எடைக் குறைவுன்னா ஓம வாட்டரோட நிக்காதீங்க. எத்தனை வருஷம் செஞ்சாங்கங்கறதை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க.

நான் சொல்றதுக்கு ரெண்டு மாசம் ஆயிடுச்சு.