சாலை அடைபட்ட நாளிலும் வளரும் வட்டி

சுற்றுலாவுக்குத் துணைநிற்பது என்றவுடன் அரசுகளின் கண் முதலில் செல்வது அறைகளின் மீதும் வரியின் மீதும்தான். 2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை, மாநிலங்களுடன் இணைந்து 50 சுற்றுலாத் தலங்களை மேம்படுத்துவதாகவும், அங்கு அமையும் ஓட்டல்களை உட்கட்டமைப்புப் பட்டியலில் சேர்ப்பதாகவும், ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு முத்ரா கடன் வழங்குவதாகவும் அறிவித்தது. அதே 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. இவை வேண்டாத முடிவுகள் அல்ல. ஆயினும் விருந்தினர் எப்படியும் வந்து சேர்வார் என்ற நம்பிக்கையின் மேல்தான் இவை அனைத்தும் நிற்கின்றன.

அந்த நம்பிக்கை அடிக்கடி பொய்க்கும் இடம் வடக்குச் சிக்கிம். 2023 அக்டோபர் 4 அதிகாலையில் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணையை வெள்ளம் அடித்துச் சென்றது. லாச்சென், லாச்சுங் ஆகிய இரு ஊர்களுக்கும் சாலை பிரிவது அந்தச் சுங்தாங்கில்தான். துர்கா பூஜை விடுமுறைக்கு இரண்டு வாரங்களே இருந்தன; வங்காளத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பயணிகள் வரும் பருவம் அது. அறைகள் இடியாத வீடுகளிலும் அவ்வாண்டுப் பூஜைக்கால வருமானம் அழிந்தது. 2024 ஜூனில் பெருமழையும் நிலச்சரிவும் மறுபடியும் வழியை அடைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் லாச்சுங்கில் சிக்கிக்கொண்டனர்.

கடன் வாங்கி நான்கு அறைகள் கட்டிய ஒரு குடும்பத்தின் கணக்கை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வசந்தகாலத்தில் யும்தாங் பள்ளத்தாக்கு பூக்கும் சில வாரங்களும், பூஜையையொட்டிய இலையுதிர்காலமும்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான வருவாய். அவற்றுள் ஒன்று தவறினால், மறுபருவத்தின் பணம் பழைய வட்டிக்கே போய்விடும். ஆண்டு வரவு ஜிஎஸ்டி பதிவு வரம்பைக்கூட எட்டாத அவ்வீட்டுக்கு வரிக்குறைப்பு நேரடியாக எதையும் தருவதில்லை. இன்னொரு கடன், மேலும் ஒரு சுமையாகவே வந்து சேரும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. எல்லைப்பகுதி என்பதால் வடக்குச் சிக்கிமுக்குள் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். பெரும்பாலான பயணிகள் அதைப் பதிவுபெற்ற முகவர் வழியாகவே பெறுகின்றனர். வண்டி, உணவு, அறை அனைத்தும் சேர்ந்த தொகுப்பாகக் காங்டாக்கிலேயே விலை பேசப்படுகிறது. எந்த வீட்டில் தங்குவது என்பதை விருந்தினர் தேர்ந்தெடுப்பது அரிது. என்ன விலை என்பதை வீட்டுக்காரர் சொல்வதும் அரிது. அறைகள் பெருகப் பெருக, முகவரிடம் பேரம்பேசும் வலிமை குறையவே செய்யும்.

ஆகவே முன்னுரிமைகளின் வரிசை மாற வேண்டும். முதலாவது, சாலையும் பாலமும் விடுதித்தொழிலின் முதலீடாகவே கருதப்பட வேண்டும். இரண்டாவது, பாதுகாப்புக் கருதி அரசு அனுமதிச்சீட்டுகளை நிறுத்தும் நாளிலேயே, பதிவுபெற்ற சிறு தங்குமிடங்களின் கடன் தவணையும் விண்ணப்பமின்றித் தானாக நிற்க வேண்டும். அந்நாட்களின் வட்டியை அரசு ஏற்க வேண்டும். சாலையை மூடுவது சரியான முடிவே. ஆனால் பொதுநலனுக்காக எடுக்கும் முடிவின் செலவு முழுவதையும் நான்கு அறைக்காரர் தாங்குவது நியாயமன்று. எந்த நாளில் அனுமதி நின்றது என்பது அரசின் ஆவணத்திலேயே இருப்பதால், இதில் பொய்க் கோரிக்கைக்கும் இடமில்லை. மூன்றாவது, அனுமதி பெறும்போதே பதிவுபெற்ற இல்லங்களின் பட்டியலும் வாடகையும் பயணியின் முன் வைக்கப்பட வேண்டும். புதிய அறைகளுக்கான கடன் இவற்றுக்குப் பின் வரட்டும்.

இவற்றை மேற்பார்வையிட உள்ளூரில் அமைப்பு இல்லை என்ற தயக்கம் எழலாம். லாச்செனிலும் லாச்சுங்கிலும் பிபோன் என்னும் தலைவரின் கீழ் இயங்கும் ஜும்சா என்ற மரபுவழி ஊராட்சி இன்றும் உயிருடன் இருக்கிறது. பாட்டில் குடிநீரைச் சிக்கிம் அரசு மாநிலமெங்கும் தடைசெய்தது 2022இல். லாச்சென் ஜும்சா தன் ஊரில் அதை 2012இலேயே தடைசெய்திருந்தது. சுற்றுலா தரும் வருவாயையும் அது விட்டுச்செல்லும் குப்பையையும் சேர்த்து எடைபோட அவ்வூருக்குத் தெரியும். திட்டம் தீட்டும் மேசையில் அதற்கும் ஓர் இருக்கை வேண்டும்.