பன்னிரண்டாம் எண்: சில குறிப்புகள்

கிறிஸ்டின் சின்க்ளேர். கனடா. நாட்டுக்காக 331 ஆட்டம், 190 கோல்.

ஆண், பெண் யாரை எடுத்தாலும் சர்வதேசக் கால்பந்தில் இதற்கு மேல் அடித்தவர் இல்லை. எல்லாரும் இந்த வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் ஆரம்பித்தாயிற்று. இனி வேறு.

ஜெர்சி எண் 12.

சின்ன வயசில் பேஸ்பால் பைத்தியம். டொரண்டோ ப்ளூ ஜேஸ் அணியில் ரொபெர்டோ அலோமார் போட்டிருந்த எண். ஃபார்வர்டுகள் 9-க்கும் 10-க்கும் அடித்துக்கொள்ளும் ஆட்டத்தில், வேறொரு ஆட்டத்து எண்ணை மாட்டிக்கொண்டு 23 வருஷம்.

கிரிக்கெட் பார்க்கும் நமக்குப் பன்னிரண்டாவது ஆள் என்றால் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருகிறவர்.

2000 மார்ச். போர்ச்சுகலில் அல்கார்வே கோப்பை. வயசு 16. முதல் ஆட்டமே சீனாவோடு. முந்தின வருஷம் உலகக் கோப்பை இறுதிவரை போன சீனா.

அந்த மார்ச்சில் எனக்குப் பப்ளிக் பரீட்சை.

மூக்கு. 2011 உலகக் கோப்பை, பெர்லின், ஜெர்மனியோடு ஆட்டம். முழங்கை பட்டு மூக்கு உடைந்தது. வெளியே வா என்றார்கள். வரவில்லை. 82-ஆவது நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக், வலைக்குள்.

2007 உலகக் கோப்பை முழுக்க ஒரு கோல்கூட வாங்காத ஜெர்மனி அது.

ஆனாலும் கனடா 1-2 தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டமும் தோல்வி. முகத்தில் முகமூடி. கடைசி இடம். மூக்குக் கதையைச் சொல்கிறவர்கள் கடைசி இடத்தைச் சொல்வதில்லை.

2010-இல் அவர் ஆடிய எஃப்சி கோல்டு ப்ரைடு லீக் சாம்பியன். அதே வருஷம் கிளப்பையே மூடிவிட்டார்கள். காசில்லை.

மறு வருஷம் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ். அதுவும் சாம்பியன். 2012-இல் லீக்கே மூடப்பட்டது.

இரண்டு அணியிலும் கூட ஆடியவர் பிரேசிலின் மார்த்தா. மார்த்தாவும் சின்க்ளேரும் ஒரே பக்கம் நின்றும் கல்லாப்பெட்டி நிறையவில்லை.

ஆறு விநாடி.

லண்டன் ஒலிம்பிக்ஸ், 2012. அரையிறுதி, ஓல்டு டிராஃபோர்டு. அமெரிக்காவுக்கு எதிராக கனடா மூன்று கோல். மூன்றும் சின்க்ளேர். 3-2, முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை அணைத்தபடி நிற்கிறார். கையில் ஆறு விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. யாரும் கண்டுகொள்ளாத விதி. அன்று நார்வே நடுவர் விசில் ஊதினார்.

பெட்டிக்குள் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அடித்த பந்து கனடா ஆட்டக்காரர் ஒருவரின் கையில் பட்டது. பெனால்டி. 3-3.

123-ஆவது நிமிஷம் அலெக்ஸ் மார்கன் தலையால் முட்டினார். 4-3.

அமெரிக்காவின் ஏபி வாம்பாக், நடுவர் காதில் விழும்படி விநாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தாராம். பத்து வரை. பிறகு அவரே சொன்னது.

நேற்று ராத்திரி தலையணையைக் கட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு, பரவாயில்லை. பத்து நீளம்தான்.

அந்த ஆட்டம் முடிந்ததும் நடுவர்களிடம் நடந்துகொண்ட விதத்துக்காக சின்க்ளேருக்குப் பிற்பாடு ஃபிஃபா 4 ஆட்டத் தடை போட்டது. அதிகம் பேசாதவர் என்று பேர் எடுத்தவருக்கு.

2025-இல் விதி மாறிவிட்டது. இப்போது எட்டு விநாடி. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்தை நடுவரே கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணுகிறார்.

சின்க்ளேருக்கு முன்னால் சாதனை 184 கோல். யாருடையது? வாம்பாக்.

தாண்டிய இடம் டெக்ஸாஸில் எடின்பர்க். ஸ்காட்லாந்து எடின்பர்க் இல்லை. மெக்சிகோ எல்லைப் பக்கம். 2020 ஜனவரி 29. எதிரே செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ், குட்டித் தீவு நாடு. 11-0. சமன் செய்தது ஒரு பெனால்டியில்.

ஓல்டு டிராஃபோர்டின் அந்த மூன்றும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. எண்ணிக்கையில் எல்லாம் ஒரே எடை.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட் 2. மறுபடி அரையிறுதி. மறுபடி அமெரிக்கா. கனடாவுக்குப் பெனால்டி.

பந்தை எடுத்தது சின்க்ளேர். ஜெஸ்ஸி ஃப்ளெமிங்கிடம் போய்க் கொடுத்துவிட்டார். ஃப்ளெமிங்குக்கு 23 வயசு.

அந்த இடத்தை மட்டும் ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கிற மாதிரி.

இறுதி ஆட்டம் யோகோஹாமாவில். காலி இருக்கைகள். ஸ்வீடன் 1-0. சின்க்ளேர் இடறி விழவைக்கப்பட்டார், பெனால்டி. அடித்தது மறுபடி ஃப்ளெமிங். 1-1.

86-ஆவது நிமிஷம் சின்க்ளேரை வெளியே எடுத்தார்கள். தங்கம் கனடாவுக்கு என்று முடிவானபோது அவர் களத்தில் இல்லை.

ஷூட்-அவுட்டில் கடைசி உதை ஜூலியா க்ரோஸோ. 2000 ஆகஸ்டில் பிறந்தவர். சின்க்ளேரின் அல்கார்வே அந்த மார்ச்சில்.

இரண்டு தடவை கணக்குப் போட்டேன். ஐந்து மாசம்.

சின்க்ளேரின் அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பல வருஷமாக. 2022-இல் இறந்தார்.

2023 பிப்ரவரி. சம்பளமும் சமத்துவமும் கேட்டு கனடாப் பெண்கள் வேலைநிறுத்தம் என்றார்கள். வழக்குப் போடுவோம் என்று கனடா கால்பந்துச் சங்கம் மிரட்டியது. ஆடப் போனார்கள். பயிற்சியில் ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், சங்கத்தின் சின்னம் தெரியக் கூடாதென்று.

துணியின் தையல் மட்டும் தெரிந்திருக்கும்.

மெல்பர்ன், அதே வருஷம் ஜூலை. ஆறாவது உலகக் கோப்பை. முந்தின ஐந்திலும் கோல் அடித்தாயிற்று. நைஜீரியாவோடு பெனால்டி. இந்தத் தடவை யாருக்கும் கொடுக்கவில்லை.

சியாமக்கா நடோசி பாய்ந்து தடுத்துவிட்டார். 0-0.

2023 டிசம்பர் 5, வான்கூவர். நாட்டுக்காகக் கடைசி ஆட்டம், ஆஸ்திரேலியாவோடு. 48,000-க்கும் மேல் கூட்டம். பி.சி. பிளேஸ் ஸ்டேடியத்துக்கு அன்று ஒரு நாள் மட்டும் கிறிஸ்டின் சின்க்ளேர் பிளேஸ் என்று பேர்.

அன்று அவர் கோல் போடவில்லை. 190 அப்படியே நின்றது.

பர்னபி, அவர் வளர்ந்த ஊர், வான்கூவரை ஒட்டி. அங்கே ஊர்ப் பொது விளையாட்டுக் கூடம் ஒன்றுக்கும் அவர் பேர். இது ஒரு நாளைக்கு இல்லை.

வீட்டு வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே யாராவது உள்ளே பார்த்துக் கத்துவார்கள், சின்க்ளேருக்குப் போய்ட்டு வரேன் என்று.