மேகமலை அடிவாரத்தில் ஓர் அகல் விளக்கு

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், "இந்தத் தடவையாவது மலைக்குப் போகலாம் அம்மா" என்று என் பிள்ளைகள் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஊட்டி, கொடைக்கானல் என்றால் கூட்டமும் செலவும் பயமுறுத்துகின்றன. சின்னமனூரில் என் நாத்தனார் இருக்கிறாள். "பக்கத்துலேயே மேகமலை இருக்கே அண்ணி, புறப்பட்டு வாங்க" என்று அவள் போனில் சொன்னதுதான் தாமதம், மூட்டை கட்டிவிட்டோம்!

சின்னமனூரிலிருந்து மலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்துப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்ததில், எப்போதும் வாந்தி எடுக்கும் என் மகள் கூட அதை மறந்துவிட்டாள். ஆனாலும் சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் காலையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். மாலைக்கு மேல் வனத்துறைச் சாவடியில் வண்டிகளை விடுவதில்லை. ஆகவே சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.

மேலே ஏறியதும் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலைத் தோட்டங்கள். நடுநடுவே அணைகளும் ஏரிகளும். ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று ஒவ்வோர் ஊராகப் பார்த்துக்கொண்டு போகலாம். கையெட்டும் தூரத்தில் மேகம் நகர்கிறது. 2021-ல் இந்த மலைக்காடுகளை ஶ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். எனவே, பிளாஸ்டிக் பைகளைப் போட்டுவிட்டு வராமல் இருப்பது நம் பொறுப்பு. ஈரப் புல்லில் அட்டைப் பூச்சி உண்டு. கொஞ்சம் உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று நான் நடுங்கினேன். மறுநாள் அந்த வார்த்தையை நினைத்து வெட்கப்படப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

மறுநாள் பிள்ளைகளுக்கு அருவியில் குளிக்க ஆசை. மேகமலையில் பிறந்து வரும் சின்னச் சுருளி அருவி, மலையின் மறுபக்கம் கோம்பைத்தொழு அருகே இருக்கிறது. தேனிக்கு வந்து, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் டீ குடிக்க இறங்கினோம். அங்கே ஒரு பாட்டி கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் மகனுடைய பையில் குத்தியிருந்த சின்னக் காகிதக் கொடி அவர் கண்ணில் பட்டுவிட்டது. டிசம்பர் 7-ம் தேதி கொடி நாளுக்குப் பள்ளியில் கொடுத்தது அது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறம்.

"அதென்ன தம்பி கொடி?"

"கொடி நாள் கொடி பாட்டி. மிலிட்டரிக்காரங்களுக்காகக் காசு குடுத்தா இது குடுப்பாங்க."

பாட்டி அந்தக் கொடியை விரலால் தடவிப் பார்த்தார். "எம் பேரனும் பட்டாளத்துலதான் இருக்கான் தாயி" என்றார் என்னிடம். "வடக்க எங்கிட்டோ. போன்ல கேட்டா, நல்லா இருக்கேன் அம்மாச்சின்னு மட்டும்தான் சொல்லுவான். அங்கிட்டு குளிரு எம்புட்டு இருக்கும்னு சொல்லவே மாட்டான்." கொஞ்சம் பொறுத்து, "இப்பிடியே போனா குமணன்தொழு வரும். அந்த ஊருப் பிள்ளை ஒருத்தன் பனியில போயிட்டானே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

2016 பிப்ரவரி 3. சியாச்சின் பனிமலையில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் முகாமின் மேல் பெரும் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்து போனார்கள். மைனஸ் 40 டிகிரிக் குளிரில் ராணுவத்தார் மோப்ப நாய்களோடு நாள்கணக்கில் தேடினார்கள். ஆறாம் நாள் கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டபோது நாடே கை கூப்பியது. நானும் பூஜை அறையில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். பிப்ரவரி 11-ல் அவரும் போய்விட்டார்.

அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வேலூர் பக்கத்து ஹவில்தார் ஏழுமலை, மதுரை மாவட்டத்துச் சிப்பாய் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிப்பாய் ராமமூர்த்தி, இந்தக் குமணன்தொழுவைச் சேர்ந்த லான்ஸ் ஹவில்தார் எஸ். குமார். வானிலை சரியில்லாததால், இறந்தவர்களின் உடல்களைக் கீழே கொண்டுவரவே பல நாட்கள் ஆயின. பெற்றவர்களும் கட்டியவர்களும் அந்த நாட்களை எப்படித்தான் தள்ளினார்களோ!

ஒரு வாரம் அழுதேன், வேண்டினேன். பிறகு பிள்ளைகள் பரீட்சை, பால் கணக்கு, வீட்டு வேலை என்று எல்லாம் மறந்துபோனது. பாட்டி மறக்கவில்லை.

"கார்த்திகைக்கு வெளக்கு வைக்கயில அந்தப் பிள்ளைக்குன்னு ஒன்னு சேத்து வைப்பேன் தாயி. சொந்தமா, பந்தமா, ஒன்னும் கெடையாது. ஆனாலும் வைப்பேன். எம் பேரன் பேரைச் சொல்லி எங்கிட்டாவது ஒருத்தி வைக்க மாட்டாளா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "நாலு மேகமலையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா எவ்வளவு உசரமோ, அவ்வளவு உசரத்துல நின்னு காவல் காத்தாங்கடா" என்று பிறகு மகனிடம் சொன்னேன். அவன் அண்ணாந்து மலையைப் பார்த்தான்.

குமணன்தொழுவைத் தாண்டும்போது, "இறங்கிப் பார்க்கலாமா?" என்று என்னவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அருவி பார்க்க வந்த நாம், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் போய் நின்று அவர்கள் துக்கத்தைக் கிளறுவது எந்த ஊர் நியாயம்? வண்டியை மட்டும் மெதுவாக விடச் சொன்னோம். குமணன் என்றதும், புலவருக்குத் தன் தலையையே கொடுக்க முன்வந்த அந்த வள்ளல் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெயரும் எப்படிப் பொருந்தி வருகிறது, பாருங்கள்!

"தொழு" என்றால் மாட்டுத் தொழுவம். ஆடு மாடு வளர்த்த சீமை இது. இதே ஆண்டிபட்டிப் பகுதியில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 வருஷங்களுக்கும் முந்தியவை. மாடு பிடிக்கும் சண்டையில் விழுந்த அந்தவன் என்ற ஒருவனின் பெயரை அதில் ஒரு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லை, மந்திரி இல்லை, ஊர்ப் பிள்ளை! அவன் தாய் யார் என்று தெரியாது. ஆனால் அவன் பெயர் இன்றும் இருக்கிறது.

பள்ளத்தாக்கின் மறுகோடியில், கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. அவரும் ராணுவப் பொறியாளர்தான். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர். அவர் பிறந்த ஜனவரி 15-ல் சுற்று வட்டாரத்தில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். எந்த நாட்டவராக இருந்தால் என்ன? நன்றி சொல்ல இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கல் நட்டும், பொங்கல் வைத்தும், அகல் ஏற்றியும் நினைக்கிறார்கள்.

சகோதரிகளே, நமக்குக் கல் நட முடியாது. ஆனால் வீட்டில் செய்யக் கூடியது ஒன்றிரண்டு உண்டு. கொடி நாளுக்குப் பிள்ளை காசு கேட்டால், "போன வாரம்தானே கேட்டே?" என்று அலுத்துக்கொள்ளாமல், அந்தக் கொடி எதற்கு என்று இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொல்லுங்கள். உங்கள் தெருவிலேயே கணவரையோ மகனையோ பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெண் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா, பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வீரரை இழந்த குடும்பமானால், மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போக வர, மனு எழுத நாம் உதவலாம்.

அருவியில் பிள்ளைகள் ஆசை தீரக் குளித்தார்கள். திரும்பும்போது மறுபடி அந்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னான் என் மகன். பையிலிருந்து கொடியைக் கழற்றிப் பாட்டியிடம் கொடுத்தான். அவர் அதைக் கூடையின் விளிம்பில் குத்திக்கொண்டு, எங்களுக்கு நாலு கொய்யாப்பழத்தை எடுத்து நீட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வரும் கார்த்திகைக்கு எங்கள் வீட்டு வாசலில் இரண்டு அகல் கூடுதலாக எரியும். ஒன்று குமணன்தொழுக் குமாருக்கு. இன்னொன்று, பேர் கேட்க மறந்துவிட்டேன், அந்தப் பாட்டியின் பேரன் நல்லபடியாக வீடு திரும்ப.