மலைக்குப் போகிறவர் தோளில் ஒரு சிறு பை



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கண்டிப் பக்கத்து வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். பேராதனைப் பூங்காவுக்கு என்றால் ஏற்பாடு எளிது. புரியாணிச் சட்டி, பாய், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, மர நிழலில் இறக்கினால் போதும். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் இப்போது அதோடு நிற்பதில்லை. ஹந்தானை மலைக்கும், உடவத்தகெலே வனத்துக்கும், நக்கிள்ஸ் மலைப் பக்கமும் போக ஆசைப்படுகிறார்கள். அல்லாஹ்வின் படைப்பைக் கண்ணால் கண்டு சிந்திப்பது நல்ல காரியம்தானே! போகட்டும், நீங்களும் கூடப் போங்கள். ஆனால் சட்டியும் பாயும் அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறா. அங்கே வேண்டியது ஒவ்வொருவர் தோளிலும் ஒரு சிறு பை.

'ஒவ்வொருவர் தோளிலும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய பையைக் கட்டி வாப்பாவிடமோ மூத்த மகனிடமோ கொடுத்துவிடுவது நம் வழக்கம். எல்லாரும் ஒன்றாக நடக்கும்வரை அது சரி. ஹந்தானையின் உச்சிகளோ ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்டவை. வெயிலாகக் கிடந்த புல்வெளியை மூடுபனி சில நிமிடங்களில் மறைத்துவிடும். முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. அங்கே வழிதவறியவர்களைத் தேடி மீட்ட செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அப்படிப் பிரிந்துபோன பிள்ளையிடம் தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. எல்லாம் வாப்பாவின் பையில் இருக்கின்றன என்றால் அந்தப் பையால் என்ன பயன்?

மலைப் பாதைக்குச் சுமை கட்டுவது நமக்குப் புதிதல்ல. கண்டி இராச்சிய காலத்தில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் நம் முன்னோர் முன்னணியில் இருந்தார்கள். பாக்கும் வாசனைச் சரக்குகளும் கரையோரத்துக்கு இறங்கின. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. எதை ஏற்றுவது, எதை விடுவது என்ற கணக்கு அவர்களுக்கு அத்துப்படி.

அவர்களுக்கும் முன்பு, 1344ஆம் ஆண்டில், பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். அவருடன் அரசர் அனுப்பியவர்களில், உணவுப் பொருட்களைச் சுமக்க மட்டும் 15 பேர் இருந்தார்களாம். வழியில் கண்ட அட்டைகளைப் பற்றியும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஊர் மக்கள் எலுமிச்சையை ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை ஒட்டியதும் சாற்றைப் பிழிந்து விழச் செய்வார்கள் என்கிறார். பதினைந்து ஆட்களுக்கு நாம் எங்கே போவது? ஆனால் அந்தத் தேசிக்காயை இன்றும் மறக்க வேண்டாம். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே வனத்தில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். கடிவாயை நகத்தால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினாலும் விட்டுவிடும். இரத்தம் சற்று நேரம் கசியும்; சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

இனி, பைக்கு வருவோம். அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. தையல் மெஷினும் இரண்டு பழைய டெனிம் கால்சட்டைகளும் இருந்தால் போதும். உயரம் 16 அங்குலம், அகலம் 11, ஆழம் 5 என்று வெட்டுங்கள். சிறு பிள்ளைக்கு உயரம் 12 அங்குலம் போதும். தோள்பட்டி இரண்டரை அங்குல அகலம் இருக்கட்டும். உள்ளே பழைய துவாய்த் துண்டை மடித்து வைத்துத் தைத்தால் தோளை அறுக்காது. பட்டி பையோடு சேரும் இடத்தில்தான் முதலில் பிய்யும். அங்கே சதுரமாகத் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தையல் ஓட்டுங்கள். வாயை நாடா போட்டுச் சுருக்கி, மேலே ஒரு மூடி வையுங்கள். பையின் பின்புறத்தில் சிவப்பு அல்லது மஞ்சள் துணி ஒன்றை அகலமாகத் தைத்துவிட்டால் பனியிலும் கண்ணுக்குப் படும். துணியின் வெளிப்புறம் வெள்ளை மெழுகுதிரியைத் தேய்த்து, காகிதம் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் தூறல் உடனே உள்ளே இறங்காது. பெருமழைக்கு அது போதாது. ஆகவே உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் பையும் வேண்டும்.

அதற்குள் என்ன வைப்பது? முதலில் தண்ணீர், ஆளுக்கு ஒரு லீற்றர். கூடவே ஒரு 'ஜீவனி' பைக்கற். அது கிடைக்காவிட்டால், ஒரு லீற்றர் சுத்தமான நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு என்ற கணக்கில் பொட்டலம் கட்டி வையுங்கள். சாப்பாட்டுக்கு ரொட்டி, மாசிச் சம்பல், ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம். பச்சைத் தேங்காய்ச் சம்பல் வேண்டாம். உச்சி வெயிலுக்குள் புளித்துவிடும்.

அடுத்து டோர்ச். நம் நாட்டில் மஃரிபுக்குப் பின் இருள் விரைவாகக் கவியும். மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். அதன் பற்றரி பேசுவதற்கு மிஞ்சட்டும். அதோடு ஒரு விசில். கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போகும். கூச்சப்படும் பெண் பிள்ளை கத்தவே மாட்டாள். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மீண்டும் மூன்று முறை ஊத வேண்டும் என்று வீட்டிலேயே பழக்குங்கள்.

மழையில் போர்த்திக்கொள்ள ஒரு பெரிய பொலித்தீன் உறை, உலர்ந்த பெனியன் ஒன்று, காலுறை ஒரு சோடி, பிளாஸ்டர், துணிப்பட்டி, சேப்டி பின் நான்கு, அவரவர் குடிக்கும் மருந்து, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வெறும் பை. பெயர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், நோய் ஏதும் இருந்தால் அதன் விபரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நனையாமல் சுற்றி வையுங்கள். முடிந்தால் ஒரு திசைகாட்டி. கண்டியிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே இருக்கிறது. லுஹருக்கும் உதவும், வழிக்கும் உதவும்.

எல்லாவற்றையும் வைத்த பின் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, 'மகள், டோர்ச்சை எடுங்க பார்ப்போம்' என்று சொல்லுங்கள். இருட்டில் கைக்கு அகப்படுகிறதா? அகப்படாவிட்டால் அதற்கு வேறு இடம் பாருங்கள்.

சில காரியங்களுக்குப் பையில் மருந்து இல்லை. இலைச்சருகுக்குள் கிடக்கும் சிறு விரியன் பாம்பு கடித்தால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இலவச அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இந்த இலக்கங்களையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். மண்சரிவுக்கும் பையால் பயனில்லை. 2025 நவம்பரில் 'டிட்வா' புயலோடு வந்த மழை கண்டி மாவட்டத்தில் எத்தனை வீடுகளை மண்ணுக்குள் கொண்டுபோனது! எச்சரிக்கை இருக்கும் நாளில் மலைப் பயணம் வேண்டாம். மலை அங்கேயே இருக்கும்; இன்னொரு நாள் போகலாம்.

புறப்படும் முன், எந்த வழியால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அஸருக்குள் கீழே இறங்கிவிடுவது நலம். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பது நாமெல்லாம் சிறுவயதில் படித்த பாடம் அல்லவா?

ஒரு வார்த்தை மட்டும் மீதி. உம்மாமார் எல்லாருக்கும் பை கட்டிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வேனில் ஏறுவார்கள். போகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பை வேண்டும். அந்தக் கணக்கில் உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை தேடி வரும்போது உம்மாவிடமும் ஒரு டோர்ச் இருக்க வேண்டும். போகிறவர் அனைவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக!