இஸ்திரிக்காரரின் கேள்வி

கும்பகோணத்திலிருந்து தம்பி போன் செய்தால் பேச்சு எப்படியும் வரிப்பணத்தில் வந்து நிற்கும். "நாம கட்டுற காசையெல்லாம் உங்க தில்லி பீகாருக்குத் தூக்கிக் கொடுக்குதுண்ணா!" முப்பது வருஷமாக மயூர் விஹாரில் குடியிருக்கும் பாவத்துக்கு, அவனுக்கு நான்தான் மத்திய சர்க்கார்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011 கணக்குப்படி நாட்டின் ஜனத்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 6 சதவிகிதம். 2021-26க்கு 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கிட்ட வரிப்பணத்தில் நமக்கு 4.079; பீகாருக்கு 10.058. வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற ஒரே அளவுகோலுக்கு 45 சதவிகித மதிப்பு. முன்னேறியதற்கு அபராதமா என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்ல?

எங்கள் வாசலில் இஸ்திரி போடும் தர்பங்காக்காரரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "அவ்வளவு பணம் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் பையன் ஏன் பாபுஜி அங்கே போகிறான்?"

தம்பிக்குத் தெரியாத பழைய கதை ஒன்று உண்டு. எனக்கே தில்லி வந்த பிறகுதான் தெரிந்தது. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இரும்பு, எஃகு நாடு முழுவதும் ஒரே விலை. ரயில் கூலியை எல்லோர் தலையிலும் சமமாகப் பரப்பிவிட்டார்கள். ஜார்க்கண்ட் பிரியாத அன்றைய பீகாரில், ஜாம்ஷெட்பூரில் உருக்கிய எஃகு சென்னைப் பட்டறைக்கும் அதே விலைக்கு வந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழில் தொடங்க எவருக்கு அவசியம்? நம் வளர்ச்சிக்கு அது மட்டுமே காரணம் என்பது அபத்தம். ஆனால் கணக்கில் அந்த வரியும் உண்டு.

பணம் கொடுத்தால் மட்டும் இடைவெளி குறைந்துவிடுமா என்பது வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 1990களில் அயர்லாந்து, கிரீஸ் இரண்டுக்கும் உதவி நிதி தந்தது. அயர்லாந்து இன்று வாங்குவதைவிட அதிகம் கொடுக்கிறது. கிரீஸ் 2010ல் கடனில் மூழ்கியது.

போன மாதம் இஸ்திரிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: பேத்தியை ஒன்றாம் வகுப்புக்குத் திருப்பூரிலேயே சேர்க்க முடியுமா? தம்பியிடம் விசாரித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கவர்மென்ட் ஸ்கூல்லயே சேர்க்கச் சொல்லுண்ணா. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் காலைல டிபனும் போடறாங்க."